சௌஃபா: நேற்றைய சோறு, இன்றைய தீ

பெருவின் தலைநகர் லிமாவுக்கு வந்த புதிதில் நான் செய்த முதல் சௌஃபாவை, அதாவது இந்த ஊர் வறுத்த சோற்றை, கீழ்வீட்டு சென்யோரா (அம்மா) கரண்டியால் ஒரு கிளறு கிளறிப் பார்த்தார். "இஹித்தா (மகளே), இது சௌஃபா இல்லை, மசமோரா" என்றார். மசமோரா என்பது ஊதா மக்காச்சோளத்தில் கிண்டும் கூழ் போன்ற இனிப்பு. கோபம் வந்தாலும் அவர் சொன்னது சரிதான். சுடச்சுட இறக்கிய சோற்றை அப்படியே வாணலியில் கொட்டி, நடுவில் சோயா சாஸை ஊற்றியிருந்தேன். சில இடத்தில் கருப்பு, சில இடத்தில் வெள்ளை, எல்லா இடத்திலும் குழைவு.

பெருவில் சீனச் சாப்பாட்டுக் கடைக்கு 'சிஃபா' என்று பெயர். சோறு சாப்பிடுவதைக் குறிக்கும் சீனச் சொல்லிலிருந்து அது வந்தது என்பார்கள். சௌஃபாவும் கேண்டனீஸ் என்ற தென்சீன மொழியில் வறுத்த சோற்றுக்குச் சொல்லும் 'சாவ் ஃபான்'தான். 1849 முதல் 1874 வரை ஏறக்குறைய ஒரு லட்சம் சீனர்கள், பெரும்பாலும் தென்சீனாவின் குவாங்டாங் பக்கத்தவர்கள், எட்டு வருட ஒப்பந்தத்தில் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். கரும்பு, பருத்தித் தோட்டங்களிலும், உரத்துக்குப் பறவை எச்சம் வெட்டும் தீவுகளிலும், ரயில் பாதையிலும் வேலை. ஒப்பந்தம் முடிந்தவர்களில் பலர் லிமாவில் கபோன் தெருப் பக்கம் வந்து கடை போட்டார்கள். அந்தத் தெருவின் சிஃபாக்களில் இன்றும் ஞாயிற்றுக்கிழமை மதியம் இடம் கிடைப்பது கஷ்டம்.

அவர்கள் விட்டுப்போன சொற்கள் சந்தையிலும் இருக்கின்றன. இஞ்சிக்கு ஸ்பானிஷில் 'ஹெங்ஹிப்ரே' என்று படித்துக்கொண்டு போய்க் கேட்டேன், காய்கறிக்காரம்மா "கியோனா?" என்று திருப்பிக் கேட்டார். சோயா சாஸ் 'சியாவ்', வெங்காயத்தாள் 'செபோயா சீனா', அதாவது சீன வெங்காயம்.

இனி சமையல். நான்கு பேருக்கான அளவு இது.

முதல் நாளே சோறு வைத்துவிடுங்கள். 2 கப் நீள அரிசியை நீர் தெளியும்வரை கழுவி, 3 கப் தண்ணீரில் வேகவிடுங்கள். இங்கே அன்றாடச் சோற்றுக்கே எண்ணெயில் பூண்டு தாளித்து உப்புப் போடுவார்கள். சௌஃபாவுக்கு உப்பு வேண்டாம், சியாவ் பார்த்துக்கொள்ளும். வெந்ததும் பெரிய தட்டில் பரப்பி, ஆவி போனவுடன் ஃபிரிட்ஜில் வையுங்கள். முதல் மணி நேரம் மூடாமல் இருக்கட்டும், மேலே இருக்கும் ஈரம் காயும். இரவு முழுக்க வெளியில் விடவே கூடாது. ஆறிய சோற்றில் வளரும் கிருமி விடும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. மறுநாள் கையை நனைத்துக்கொண்டு கட்டிகளை உடையுங்கள். கரண்டியால் உடைத்தால் பருக்கை நசுங்கும்.

கோழித் தொடைக் கறி 300 கிராம், சுண்டுவிரல் நுனி அளவுக்கு நறுக்கி, ஒரு ஸ்பூன் சியாவிலும் கொஞ்சம் துருவிய இஞ்சியிலும் ஊறட்டும். நெஞ்சுக் கறி வேண்டாம், இந்தத் தீயில் நாராகிவிடும். முட்டை 4, சிவப்புக் குடைமிளகாய் பாதி, பூண்டு 4 பல், கட்டைவிரல் நீள இஞ்சி, வெங்காயத்தாள் ஆறேழு. தாளின் வெள்ளைப் பகுதியையும் பச்சைப் பகுதியையும் தனித்தனியாக நறுக்கி வையுங்கள். சீனக் கடைகளில் கிடைக்கும் ஐந்து மசாலாப் பொடி இரண்டு சிட்டிகை போதும். கூடினால் சோம்பு வாசனை தூக்கலாகிவிடும்.

அப்புறம் அஹி அமரியோ. பெயரில் மஞ்சள் இருந்தாலும் பழுத்த மிளகாய் ஆரஞ்சு நிறம். காரத்துக்கு முன்னால் ஒரு பழவாசனை வரும், பெருச் சமையலின் அடையாளமே அதுதான். ஐந்தாறு மிளகாயைக் கீறி விதையும் நரம்பும் நீக்கி, தண்ணீரை மாற்றி மாற்றி இரண்டு மூன்று முறை கொதிக்கவிட்டு, தோலை உரித்து, ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு அரைத்தால் விழுது தயார். ஜாடியில் விற்பதும் பரவாயில்லை. இதை வாணலியில் போடலாமா என்பதில் சென்யோராவுக்கும் எனக்கும் இன்னும் வழக்கு ஓடுகிறது. காரம் மேஜையில் கிண்ணத்தில்தான் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி, பெரும்பாலான சிஃபாக்களிலும் அப்படித்தான். இஞ்சி பூண்டோடு ஒரு மேஜைக்கரண்டி வதக்கினால் எண்ணெயே பொன்னிறமாகும், நான் போடுகிறேன்.

வாணலியைப் புகை வரும்வரை காயவிட்டு எண்ணெய் ஊற்றுங்கள். அடித்த முட்டையை மெல்லிய தோசைபோல் பரப்பி, சுருட்டி எடுத்து, பட்டை பட்டையாக நறுக்கி ஓரமாக வையுங்கள். அடுத்து கோழி. போட்டதும் கிளறாதீர்கள், ஒரு பக்கம் சிவக்கட்டும், பிறகு புரட்டி, வெந்ததும் எடுத்துவிடுங்கள்.

இனிமேல் எல்லாவற்றையும் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சிஃபா சமையல்காரரின் அடுப்பு விமானம்போல் இரையும். நம் அடுப்புக்கு அந்த வலு கிடையாது. நான்கு பேர் சோற்றையும் ஒரேயடியாகப் போட்டால் வறுபடாது, ஆவியில் வேகும். என் முதல் மசமோராவுக்கு இரண்டாவது காரணம் இதுதான்.

தீ முழுக்க இருக்க, இரண்டு ஸ்பூன் எண்ணெயில் பாதி இஞ்சி, பூண்டு, வெள்ளைத் தாள். பத்து எண்ணுவதற்குள் அரை மேஜைக்கரண்டி அஹி விழுது, குடைமிளகாயில் பாதி. உடனே பாதிச் சோறு. வாணலியின் அடியோடு ஒட்டிப் பரப்பி அரை நிமிடம் விடுங்கள், புரட்டுங்கள், மறுபடி விடுங்கள். காதைக் கொடுத்துக் கேளுங்கள்: முதலில் ஈரமாகச் சீறும், பிறகு சத்தம் காய்ந்து பருக்கைகள் டப் டப் என்று துள்ளும். அந்தச் சத்தம் வந்தால்தான் சியாவ். ஒன்றரை மேஜைக்கரண்டியைச் சோற்றின்மேல் ஊற்றாமல், வாணலியின் சூடான விளிம்பைச் சுற்றி ஊற்றுங்கள். விளிம்பிலேயே கொதித்துக் கருகும் அந்த நொடியில் வரும் வாசனைக்குத்தான் இத்தனை பாடும். வேகமாகப் பிரட்டி, ஐந்து மசாலா, கோழி, முட்டை, பச்சைத் தாளில் பாதியைச் சேர்த்து இறக்குங்கள். தீயை அணைத்த பிறகு அரை டீஸ்பூன் எள்ளெண்ணெய், வறுத்த எள்ளில் எடுத்த கருத்த எண்ணெய்தான். மிச்சப் பாதிக்கும் இதே கதை.

கறி உங்கள் விருப்பம். மாதக் கடைசியில் இங்கே பல வீடுகளில் ஹாட் டாக் சாஸேஜ் நறுக்கிப் போட்ட சௌஃபாதான், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அமேசான் பக்கம் உப்பிட்டுப் புகையூட்டிய பன்றிக் கறியும் பழுத்த வாழைக்காய் வறுவலும் சேர்ப்பார்கள். சோற்றோடு நூடுல்ஸையும் கலந்தால் அதன் பெயர் 'அயெரோபுவெர்த்தோ', விமான நிலையம். எல்லாமே வந்து இறங்குமாம். மலைப்பகுதித் தானியமான கினோவாவிலும் செய்கிறார்கள். நான் இரண்டு முறை முயன்றேன், இரண்டு முறையும் ஈரம் போகவில்லை, விட்டுவிட்டேன்.

கிண்ணத்தில் அழுத்தி, தட்டில் மேடாகக் கவிழ்த்து, மிச்ச அஹி விழுதில் எலுமிச்சை பிழிந்து பக்கத்தில் வையுங்கள். குடிக்க இன்கா கோலா என்பது இந்த ஊர் வழக்கம். மஞ்சள் நிறம், பபிள்கம் வாசனை. எனக்கு ஒரு வாய்க்கு மேல் இறங்காது. சென்யோரா போன மாதம் என் சௌஃபாவை இரண்டாம் தடவை போட்டுக்கொண்டார். அஹியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.