திருகோணமலையில் ஆழ்கடல் மீன்பிடி: நண்பர்களோடு செல்வோருக்கு

கோடை விடுமுறையில் தாயகம் வரும் நண்பர் குழுக்கள் பலவும் ஒரு நாளாவது ஆழ்கடலுக்குப் போய்த் தூண்டில் போட வேண்டும் என்று ஆசைப்படுகின்றன. அந்த ஆசைக்கு வடக்குக் கிழக்கின் கரைகள் எல்லாவற்றிலும் திருகோணமலையே பொருத்தமானது என்பது என் உறுதியான கருத்து. காரணம் கடலின் அடித்தரையில் இருக்கிறது. மகாவலி கங்கை வந்து விழும் கொட்டியார்க் குடாவிலேயே பெரிய கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்கி, வங்காள விரிகுடாவின் பேராழத்துக்குள் இறங்கிச் செல்கிறது. வேறு கரைகளில் நெடுந்தூரம் ஓடினால்தான் கிடைக்கும் ஆழம் இங்கே கரைக்கு மிக அருகில் வந்து நிற்பதால், பல நாள் தங்கும் பெரிய படகில் ஏறாமலே, விடியப் போய் மதியத்துக்குள் திரும்பும் சிறு வள்ளத்தில் உண்மையான ஆழ்கடலைக் காணலாம். நீலத் திமிங்கிலமும் எண்ணெய்த் திமிங்கிலமும் இந்தக் கரையோரம் வருவதும் அந்த ஆழத்தினாலேயே.

பாக்கு நீரிணைப் பக்கம் உறவினர் இருப்பவர்கள் நெடுந்தீவிலோ மன்னாரிலோ கடலுக்குப் போக நினைப்பது இயல்பு. ஆனால் அங்கே கடல் ஆழம் குறைந்தது. அத்துடன் 1974ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தால் வகுக்கப்பட்ட இந்திய இலங்கைக் கடல் எல்லை மிக அருகில் ஓடுகிறது. நீரோட்டத்தில் தெரியாமல் எல்லை தாண்டினாலும், வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு அது பெரும் சிக்கலாகும். அவரைக் கூட்டிச் சென்ற கடற்றொழிலாளிக்கு அதைவிடப் பெரிய சிக்கலாகும். ஆகவே பொழுதுபோக்கு மீன்பிடிக்கு அந்தக் கடலை நான் பரிந்துரைப்பதில்லை.

காலத்தைத் தெரிவு செய்வதே எல்லாவற்றிலும் முதன்மையானது. தென்மேல் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் மேற்கிலும் தெற்கிலும் கடல் கொந்தளிக்கும். கிழக்குக் கரை தொழிலுக்குத் திறந்திருக்கும். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் தலைமுறைகளாக இந்தக் காலத்தில் கிழக்குக் கரைக்கு வந்து வாடி எனப்படும் தற்காலிகக் குடில் அமைத்துத் தொழில் செய்தது இதனால்தான். ஐரோப்பாவிலும் கனடாவிலும் பள்ளி விடுமுறை வரும் யூலை, ஓகஸ்ட் மாதங்கள் இந்தப் பருவத்துக்குள் அடங்குவது நம் நல்லூழ். ஆயினும் கடல் மிகவும் சாந்தமாக இருப்பது பங்குனி கடைசியிலிருந்து சித்திரை முடியும் வரைதான். மார்கழி விடுமுறையில் வருவோர் இந்த எண்ணத்தையே விட்டுவிட வேண்டும். வாடைக் காற்றுக் காலத்தில் கிழக்குக் கடல் பெருத்திருக்கும். புயல்களும் அப்போதுதான் வரும். 1964 டிசம்பர்ப் புயலையும் 1978 நவம்பர்ப் புயலையும் கிழக்கின் முதியோர் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். விமானச் சீட்டு எடுத்துவிட்டோம் என்பதற்காகத் தொழிலாளியை வற்புறுத்திக் கடலுக்கு இறக்குவது பெரும் தவறு.

சோளகம் எனப்படும் இந்தத் தென்மேல் காற்றுக் காலத்தில் இன்னொன்றை நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும். அக்காலத்தில் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. அதனால் உப்புவெளியிலோ நிலாவெளியிலோ கரையில் நின்று பார்ப்பவருக்குக் கடல் குளத்து நீர் போலத் தட்டையாகத் தெரியும். அலை எழும்புவதற்குக் காற்றுக்குத் தூரம் வேண்டும். சில கிலோமீற்றர் வெளியே போனபின்பே உண்மையான கடல் தெரியவரும். திரும்பும்போதோ எதிர்க்காற்றில், தண்ணீரை முகத்தில் வாங்கிக்கொண்டு வர வேண்டும். காற்று முற்பகலில் தொடங்கிப் பிற்பகலில் உரக்கும் நாட்கள் பல. எனவே விடியுமுன் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் கரையை நோக்கித் திரும்பும் திட்டமே பாதுகாப்பானது. வளிமண்டலவியல் திணைக்களம் நாள்தோறும் வெளியிடும் கடற்பிராந்திய அறிக்கையில் திருகோணமலையை உள்ளடக்கிய பகுதிக்கான காற்றின் வேகத்தை முதல்நாள் மாலையும் அன்று அதிகாலையும் பாருங்கள். கடும் காற்று எச்சரிக்கை இருந்தால் பயணத்தை நிறுத்துங்கள்.

பயணத்துக்காக ஒரு நாளை மட்டும் ஒதுக்காமல், திருகோணமலையில் மூன்று நாட்களாவது தங்குங்கள். அப்படித் தங்கினால் கடல் இடம் தராத காலையில் கோணேசர் கோவிலுக்கும் கன்னியா வெந்நீரூற்றுக்கும் போகலாம். வள்ளத்தை ஓட்டிச் செல்லும் மண்டாடியும் நெருக்கடியின்றி நல்ல நாளைத் தெரிவு செய்வார்.

அந்த மண்டாடியைத் தேடுவதில்தான் உங்கள் முயற்சி பெரும்பாலும் செலவாக வேண்டும். விடுதிகள் ஒழுங்கு செய்யும் சுற்றுலாப் படகுகள் உண்டு. அவற்றுள் நல்லவையும் உண்டு. ஆனால் திருக்கடலூர், சல்லி போன்ற தமிழ்க் கடற்றொழிலாளர் ஊர்களில் ஒருவரின் அறிமுகத்தோடு போய், உள்ளூர்ச் சங்கத்தில் விசாரித்து, அந்தக் கடலில் நீண்ட காலம் தொழில் செய்த ஒருவரோடு செல்வது வேறு அனுபவம். உங்கள் பணம் நேரே ஒரு தொழிலாளர் குடும்பத்துக்குப் போய்ச் சேர்வதும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எரிபொருள், ஐஸ், இரை, ஆட்கூலி என்பவற்றை யார் கொடுப்பது, பிடிபடும் மீன் யாருக்கு, காற்று மாறி இடையில் திரும்பினாலும் முழுத்தொகை உண்டா என்பவற்றை முதல்நாளே பேசி முடியுங்கள். கடைசிக் கேள்விக்கு ‘ஆம், முழுத்தொகையும் உண்டு’ என்று நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். பணத்துக்காக ஆபத்தை ஏற்க வேண்டிய நிலை அவருக்கு வரக்கூடாது. அன்று அவர் தன் தொழிலை விட்டுவிட்டு உங்களோடு வருகிறார் என்பதால், ஒரு நாள் உழைப்புக்கு ஈடான தொகையைப் பேரம் பேசாமல் கொடுப்பதே முறை.

வள்ளங்களில் பெரும்பாலானவை வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய, 18 முதல் 23 அடி வரை நீளமான பைபர் வள்ளங்கள். ஒன்றில் பயணிகள் நான்கு பேருக்கு மேல் ஏற வேண்டாம். இரண்டு வள்ளங்கள் சேர்ந்து போவது மிக நல்லது. தரைக்காற்று வீசும்போது இயந்திரம் நின்றுபோனால் வள்ளம் வெளியேதான் தள்ளப்படும். அங்கிருந்து கிழக்கே அந்தமான், நிக்கோபார் தீவுகள் வரை கரையே இல்லை. ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி இருக்கிறதா, அது உங்கள் உடலுக்கு அளவாக இருக்கிறதா என்று கரையிலேயே போட்டுப் பாருங்கள். கைப்பேசித் தொடர்பு கடலுக்குள் விரைவில் அறுந்துவிடும். ஆகவே இடங்காட்டும் ஜி.பி.எஸ். கருவியும், இயலுமாயின் அபாய அழைப்புக்கான 16ஆம் அலைவரிசை எடுக்கும் கடல் வானொலியும் வள்ளத்தில் இருக்க வேண்டும்.

உங்கள் பெயர், கடவுச்சீட்டு இலக்கம், திரும்பும் நேரம் ஆகியவற்றை எழுதிக் கரையில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். வெளிநாட்டவர் ஏறுவதைக் கடற்றொழில் பரிசோதகருக்கும் அருகிலுள்ள கடற்படைக் காவலரணுக்கும் முற்கூட்டியே தெரிவித்துவிடும்படி வள்ளக்காரரிடம் கேளுங்கள். ட்ரோன் கமரா பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும். கடற்படைத் துறைமுகம் உள்ள இந்த ஊரில் அதைக் கொண்டுபோகாமல் விடுவதே நல்லது.

கனடாவிலும் சுவிசிலும் லண்டனிலும் சிதறிவிட்ட பள்ளி நண்பர்களோடு ஓர் ஓகஸ்ட் மாதத்தில் நான் போன பயணம் இன்னும் மனதில் பசுமையாக இருக்கிறது. இருட்டோடு வள்ளம் தள்ளினோம். கோணேசர் மலை பின்னால் சிறுத்துக்கொண்டு போகப் போக, தண்ணீரின் நிறம் பச்சையிலிருந்து கருநீலமாக மாறியது. கடற்பறவைகள் கூட்டமாக விழுந்தெழும் இடத்தைத் தூரத்தில் கண்ட மண்டாடி, அங்கே சூரைக் கூட்டம் சிறுமீனைத் துரத்துகிறது என்று சொல்லி, இழுவைத் தூண்டிலை விட்டு, அந்தக் கூட்டத்தைக் கலைக்காமல் அதன் ஓரமாக வள்ளத்தை ஓட்டினார். சுவிஸ் நண்பனின் தூண்டிலில் பெரிய அறக்குளா ஒன்று பட்டது. அவன் பதறி இழுக்க, “இறுக்காதேங்கோ தம்பி, நூலை விட்டு விட்டு எடுங்கோ, அது களைக்கட்டும்” என்று அவர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். மீன் வள்ளத்துக்குள் விழுந்தபோது நாங்கள் எல்லோரும் மீண்டும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளாகிக் கத்தினோம். அதன்பின் மீன் நன்றாகப் பட்டுக்கொண்டிருந்த வேளையிலேயே, தரைப்பக்கம் காற்று எழும்புகிறது என்று சொல்லி அவர் வள்ளத்தைத் திருப்பினார். கரையில் நின்று மீனைக் கழுவிக்கொண்டிருந்தபோது, பிந்தி வந்த வள்ளக்காரர்கள் தலை முதல் கால்வரை நனைந்து, களைத்து இறங்குவதைப் பார்த்தோம். திரும்புவோம் என்று மண்டாடி சொல்லும் நேரத்தில் மறுபேச்சுப் பேசாதிருப்பதே வள்ளத்தில் ஏறும் ஒவ்வொருவரும் முதலில் ஏற்க வேண்டிய நிபந்தனை.

கடலை அறிந்தவருக்கும் தலைசுற்று வரும். அதற்கான மாத்திரையைப் புறப்படுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே விழுங்க வேண்டும். வாந்தி தொடங்கியபின் அதனால் பயனில்லை. வெறும் வயிற்றோடு போகாதீர்கள். முதல்நாள் இரவு மதுவைத் தவிர்த்துவிடுங்கள். தலை சுற்றினால் வள்ளத்தின் நடுப்பகுதியில் இருந்து அடிவானத்தைப் பாருங்கள். முழுக்கைச் சட்டை, தொப்பி, ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர் ஆகியவை கட்டாயம். கைத்தூண்டில் போடுவோருக்குக் கையுறை வேண்டும். தங்கூசி எனப்படும் நைலோன் நூலை ஒருபோதும் கையில் சுற்றிப் பிடிக்காதீர்கள். பெரிய மீன் இழுத்தால் அது விரலை அறுத்துவிடும்.

பிடித்த மீனை உடனே ஐஸில் இடுவதில் கவனக்குறைவு கூடாது. சூரை, அறக்குளா, கும்பளா போன்ற மீன்கள் வெயிலில் கிடந்தால் அவற்றின் தசையில் ஹிஸ்டமின் சேர்கிறது. பின்னர் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. உண்டவருக்கு முகம் சிவந்து, தலைவலியும் தடிப்பும் வரும். பேத்தை மீன் தூண்டிலில் பட்டால் திருப்பிக் கடலில் விடுங்கள். அதன் நஞ்சு கொல்லும். திருக்கை முள் குத்தினால், தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் காயத்தை அமிழ்த்தி வைத்தபடி, 1990 என்ற இலவச நோயாளர் காவு வண்டிச் சேவையை அழைத்து வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். கடலாமை, டொல்பின், திமிங்கிலச் சுறா, கசைவால் சுறா ஆகியவற்றைப் பிடிப்பது சட்டப்படி குற்றம். நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாமலை 2003 முதல் தேசியப் பூங்கா; அதன் எல்லைக்குள் தூண்டில் போடவே கூடாது. திமிங்கிலம் கண்ணில் பட்டால் 100 மீற்றருக்குக் கிட்டப் போகாமல், இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்துப் பார்க்கலாம்.

கரைக்கு வந்தபின் வள்ளக்காரரின் வீட்டில் சோறும் மீன்குழம்பும் சாப்பிட அழைப்பு வரும், மறுக்க வேண்டாம். போரிலும் 2004ஆம் ஆண்டின் கடற்கோளிலும் உறவுகளை இழந்த குடும்பங்கள் இந்த ஊர்களில் ஏராளம். அவர்களாகப் பேசினால் கேளுங்கள். நாமாகத் துருவிக் கேட்பதும், கைப்பேசியில் பதிவு செய்வதும் வேண்டாம். உங்கள் பங்கில் மிஞ்சும் மீனை அந்த வீட்டுப் பெண்களிடம் கொடுத்து, உரிய கூலியோடு கருவாடு போடச் சொல்லலாம். வெயில் நன்றாக எறித்தால் சில நாட்களில் காய்ந்துவிடும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குத் திரும்புவோர், சொந்தப் பாவனைக்காக 20 கிலோ வரை மீன் கொண்டுபோக விதி இடமளிக்கிறது. குடல் நீக்கி, நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாதபடி இரண்டு உறைகளில் பொதி செய்து பெரிய பெட்டியில் வையுங்கள். மற்ற நாடுகளுக்குச் செல்வோர் தத்தம் நாட்டுச் சுங்கத்தின் விதியை ஊருக்கு வருமுன்பே பார்த்து வைத்து, தரையிறங்கியதும் படிவத்தில் அதை மறைக்காமல் எழுதுங்கள்.