ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ட கடையில வாங்காம முடிக்கறது எப்படி

இன்ஜினியரிங்ல ஏழாவது செமஸ்டர் தொடங்கி ரெண்டு வாரம் ஆகறதுக்குள்ள கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல "மச்சி டைட்டில் கிடைச்சுதா"ன்னு ஓட ஆரம்பிச்சிடும். கவனிச்சுப் பாருங்க, என்ன செய்யப்போறோம்னு யாரும் கேக்கமாட்டாங்க, டைட்டில் தான் கேப்பாங்க. அப்புறம் நாலு பேர் ரெண்டு வண்டியில ஏறி ரெடிமேடா ப்ராஜெக்ட் விக்கற ஒரு ப்ராஜெக்ட் சென்டருக்குப் போய், லேமினேட் பண்ணின லிஸ்ட்ல விரல வச்சு "அண்ணா இந்த பிளாக்செயின் எவ்ளோ வரும், ரிப்போர்ட்டும் சேத்தா"ன்னு கேட்டு, அட்வான்ஸ் குடுத்துட்டு வந்துடுவாங்க.

நாங்களும் போனோம், பொய் சொல்லல. எங்களுக்கு முன்னாடி வேற ஒரு காலேஜ் டீம் டெமோ பாத்துட்டு இருந்துச்சு, நாங்க எடுக்க நெனச்ச அதே டைட்டில், அதே ஸ்க்ரீன், லாகின் பேஜ்ல காலேஜ் பேரு மட்டும் தான் வேற. வெளிய வந்து டீ குடிச்சோம், பேசினோம், இதுக்கு நாமளே எதையாவது பண்ணிடலாம்டான்னு முடிவாச்சு. எப்படிப் பண்ணினோம், எங்க எல்லாம் சொதப்பினோம்னு எழுதறேன், உங்களுக்கு ரெண்டு மாசம் மிச்சமாகும்.

முதல்ல கணக்கு. அண்ணா யுனிவர்சிட்டி அஃபிலியேட்டட் காலேஜ்ல 2021 ரெகுலேஷன்படி எட்டாவது செமஸ்டர் ப்ராஜெக்ட்டுக்கு 10 கிரெடிட். ஒரு தியரி பேப்பருக்கு 3 தான். அதாவது மூணு பேப்பர விட அதிகமான வெயிட்டு ஒரே இடத்துல உக்காந்திருக்கு, சிஜிபிஏவ தூக்கறதும் இது தான் கவுக்கறதும் இது தான். நடுவுல மூணு ரிவ்யூ, கடைசியில எக்ஸ்டர்னல், அதாவது வெளிய இருந்து வர்ற எக்ஸாமினர் முன்னாடி வைவா, நேர்ல கேள்வி கேக்கற தேர்வு.

டைட்டில் தேடாதீங்க, ஆள தேடுங்க. உங்க ரூம்ல இருந்து நடந்து போற தூரத்துல, நெஜமாவே ஒரு தொல்லையோட வாழற ஆளு ஒருத்தர். எங்களுக்கு அது ஹாஸ்டல் வாட்ச்மேன் அண்ணா. மோட்டார் போட்டுட்டு கேட்டுக்குப் போயிடுவாரு, டேங்க் ரொம்பி மாடியெல்லாம் தண்ணி ஓடும், இல்லன்னா போட மறந்துடுவாரு, காலையில ஏழு மணிக்கு பக்கெட்டோட நிப்போம். தண்ணி லெவல் போனுக்கு வந்தா போதும். அவ்ளோ தான் ப்ராஜெக்ட். "ரொம்ப சின்னதா இருக்கே"ன்னு எங்க கைடே, அதாவது ப்ராஜெக்ட்ட பாத்துக்கற சாரே சொன்னாரு. சின்னது தான், ஆனா பக்கத்துல போய்ப் பாத்தா சின்னது எதுவும் சின்னதா இருக்கறதில்ல, எப்படின்னு சொல்றேன்.

டேங்க் மூடிக்கு அடியில அல்ட்ராசோனிக் சென்சார் ஒண்ண மாட்டி, சத்தம் தண்ணியில பட்டுத் திரும்பி வர்ற நேரத்த வச்சு தூரம் கண்டுபிடிக்கணும், அந்த கணக்க போடற குட்டி கம்ப்யூட்டர் மாதிரியான போர்டு இஎஸ்பி32, வைஃபை அதுலயே இருக்கு. சென்னையில எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கற ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் எச்.சி-எஸ்ஆர்04 சென்சார் வாங்கிட்டு வந்தோம். முதல் பாடம், அந்த சென்சார்ல ரீடிங்க வெளிய அனுப்பற எக்கோ பின் 5 வோல்ட் தள்ளும், இஎஸ்பி32 தாங்கறது 3.3 வோல்ட். நேரா சொருகக்கூடாது. 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் ரெண்டு ரெசிஸ்டர் போட்டு வோல்டேஜ பிரிச்சா சரியா 3.3 கிட்ட வரும். நாங்க நேரா சொருகினோம், ஒரு போர்டு போச்சு. (மண் ஈரம் மாதிரி அனலாக் சென்சார் வைக்கறவங்களுக்கு ஒரு தகவல்: இஎஸ்பி32ல அனலாக் ரீடிங் எடுக்கற பின்னுங்க ஏடிசி1, ஏடிசி2ன்னு ரெண்டு குரூப், வைஃபை ஓடும்போது ஏடிசி2 பின்னுங்க ரீடிங் குடுக்காது, 32ல இருந்து 39 வரைக்கும் இருக்கற ஏடிசி1 பின்னுங்கள எடுங்க. இது தெரியாம ஒரு டீம் மூணு நாள் கோட தேடிட்டு இருந்துச்சு, தப்பு கோட்ல இல்லவே இல்ல.)

ரெண்டாவது, டேங்க்குக்குள்ள எப்பவும் ஈரம், அந்த சென்சார் ரெண்டு வாரத்துல பச்சை பிடிச்சுப் போச்சு. வாட்டர்ப்ரூஃப் வகைக்கு மாறினோம், ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி. அது 20 சென்டிமீட்டருக்குள்ள இருக்கறத ஒழுங்கா பாக்காது. டேங்க் ரொம்பும்போது தான் தண்ணி சென்சாருக்குப் பக்கத்துல வரும், அப்ப தான் அது தப்பா சொல்லும், அதாவது எந்த நேரத்துக்காக இத்தன பாடும் பட்டோமோ அந்த நேரத்துல குருடு. கடைசியில மூடியில ஓட்ட போட்டு, பழைய பெயிண்ட் பக்கெட்ட கவுத்து வச்சு, அதோட தலையில சென்சார மாட்டி உயரம் குடுத்தோம். ஓட்ட போடறதுக்கு வார்டனுக்கு லெட்டர் எழுதி கையெழுத்து வாங்கினது தனி கதை.

மூணாவது, தண்ணி விழும்போது அலை அடிக்கும், ரீடிங் குதிக்கும். அஞ்சு ரீடிங் எடுத்து சராசரி போட்டோம், அப்பவும் கோளாறு. 82, 83, 0, 82, 84ன்னு வருதுன்னு வைங்க, சராசரி 66க்கு இறங்கிடும், ஒரே ஒரு முட்டாள் 0 எல்லாத்தையும் இழுத்துட்டுப் போயிடும். வரிசைப்படுத்தி நடுவுல இருக்கறத எடுத்தா 82, அப்படியே நிக்கும். மீடியன்னு மூணாவது செமஸ்டர்ல படிச்சிருப்போம், எதுக்குன்னு அன்னிக்கு தான் தெரிஞ்சுது. அப்புறம் வெயில். சத்தம் 20 டிகிரியில செகண்டுக்கு 343 மீட்டர் போகும், 40 டிகிரியில கிட்டத்தட்ட 355. மே மாசம் மொட்டமாடி டேங்க்குக்குள்ள 40 சாதாரணம், 343ன்னு கோட்ல எழுதி வச்சுட்டா ரெண்டு மீட்டர் ஆழத்துல 7 சென்டிமீட்டர் வித்தியாசம் வரும். இத ரிவ்யூல ஒரு கிராஃபா போட்டோம், சின்னதா இருக்கேன்னு சொன்ன அதே கைடு அன்னிக்கு சேர முன்னாடி இழுத்துப் போட்டு உக்காந்தாரு.

மெஷின் லேர்னிங் எடுக்கறவங்க தான் இப்ப அதிகம், அதனால அதுக்கும் ஒரு வார்த்தை. கேகிள்ங்கற சைட்ல ரெடியா இருக்கற டேட்டாசெட் எடுத்து, 99 சதவீதம் அக்யூரசின்னு ஸ்லைட்ல பெரிய எழுத்துல போட்டா எக்ஸ்டர்னல் மடங்கிடுவாருன்னு நெனைக்காதீங்க, அவருக்கு சந்தேகம் வர்ற இடமே அது தான். கிரெடிட் கார்டு மோசடி டேட்டாசெட் எல்லாரும் எடுப்பாங்க, அதுல 2,84,807 பரிவர்த்தனை, மோசடி வெறும் 492. ஒண்ணுமே கத்துக்காம, எல்லாத்துக்கும் "மோசடி இல்ல"ன்னு சொல்ற ஒரு வரி கோடு எழுதினா 99.8 சதவீதம் வந்துடும். அதனால 492ல எத்தனைய பிடிச்சீங்க, நல்ல பரிவர்த்தனை எத்தனைய தப்பா மாட்டிவிட்டீங்கன்னு ரெண்டையும் சொல்லுங்க. இலை நோய் கண்டுபிடிக்கற பிளான்ட்வில்லேஜ் டேட்டாசெட்டும் அதே மாதிரி தான். 54,000 படத்துக்கு மேல இருக்கு, பறிச்ச இலைய வெத்து பின்னணியில வச்சு எடுத்த படங்க. 2016ல வந்த ஆய்வுக் கட்டுரையில அதே வகைப் படத்துல சோதிச்சா 99.35 சதவீதம், வேற சூழ்நிலையில எடுத்த படங்கள குடுத்ததும் 31 கிட்ட விழுந்துடுச்சு. நீங்க செய்ய வேண்டியது, ஒரு ஞாயித்துக்கிழமை யாராவது தோட்டத்துக்குப் போய் உங்க போன்ல 100 படம் எடுத்துட்டு வந்து அதுல ஓட்டிப் பாக்கறது. அக்யூரசி குறையும், குறையட்டும், எவ்ளோ குறைஞ்சுது ஏன் குறைஞ்சுதுன்னு எழுதற அந்த ரெண்டு பக்கம் தான் உங்க சொந்த ப்ராஜெக்ட், மீதியெல்லாம் டவுன்லோடு.

டீம். நாலு பேர்ல ஒருத்தன் கோடு அடிப்பான், ஒருத்தி ரிப்போர்ட் போடுவா, மீதி ரெண்டு பேரு பிரிண்ட் எடுக்கப் போவாங்க, எல்லா டீமும் அப்படித்தான், மாத்தவே முடியாதுன்னு வைங்க. ஆனா கிட் (Git, கோட்ல செஞ்ச ஒவ்வொரு மாத்தத்தையும் சேத்து வைக்கற சாஃப்ட்வேர்) மட்டும் முதல் நாள்ல இருந்தே போடுங்க. "ஃபைனல்", "ஃபைனல்2", "ஃபைனல்_ஒரிஜினல்"னு பென்டிரைவ்ல ஜிப் வச்சிருக்கற டீமுக்கு ரிவ்யூக்கு முந்தின ராத்திரி எது ஓடுச்சுன்னே தெரியாது. தினமும் ராத்திரி ஒரு கமிட், அதாவது அன்னிக்கு மாத்தினத கிட்ல சேமிக்கறது, என்ன மாத்தினோம்னு ஒரு வரி. அந்த கோட ஆன்லைன்ல வைக்கற கிட்ஹப்ல ஒரு ஃபைல் 100 எம்பிக்கு மேல போனா ஏத்தாது, அதனால மாடல் ஃபைல், டேட்டாசெட் எல்லாம் டிரைவ்ல வைங்க, கோடு இருக்கற ரெப்போவுல லிங்க் போதும். வைஃபை பாஸ்வேர்டையும் ஏபிஐ கீயையும் (ஆன்லைன் சேவைங்களுக்குள்ள நுழையற ரகசிய சாவி) கோட்ல எழுதி பப்ளிக்கா போட்டுடாதீங்க, நாங்க ஹாஸ்டல் வைஃபை பாஸ்வேர்ட அப்படித்தான் ஊருக்கே குடுத்தோம்.

கைடு பத்தி எல்லாரும் புலம்புவாங்க. அவருக்கும் ஆறேழு டீம் இருக்கும், காலேஜ் தர மதிப்பீட்டுக்கான என்ஏஏசி ஃபைல் வேலை இருக்கும், உங்கள ஞாபகம் இருக்காது. வாரத்துக்கு ஒருதடவ பத்து நிமிஷம் போய் நில்லுங்க, ஓடறத காட்டுங்க, ஓடலன்னா ஓடலன்னு காட்டுங்க. ரிவ்யூ அன்னிக்கு கமிட்டில வேற ஒரு மேடம் கேள்வி கேட்டா உங்களுக்காக வாயத் தொறக்கப்போறது அவர் தான், விஷயம் தெரிஞ்சா தான் தொறப்பாரு.

இன்டர்ன்ஷிப்பயும் இங்கயே சொல்லிடறேன், ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேந்தது தான். 2021 ரெகுலேஷன்ல சிஎஸ்ஈக்கு (கம்ப்யூட்டர் சயின்ஸ்) ஆறாவது செமஸ்டர் முடிஞ்ச லீவுல பண்றது ஏழாவது செமஸ்டர் கணக்குல வருது, அதனால பிப்ரவரி, மார்ச்லயே தேட ஆரம்பிங்க. காசு வாங்கிட்டு அஞ்சு நாள் இன்பிளான்ட் ட்ரெய்னிங், முடிவுல கோல்டு கலர் சர்டிபிகேட்டுன்னு போஸ்டர் ஒட்டியிருப்பாங்க. கிரெடிட்டுக்கு ஆகலாம், ஆனா இன்டர்வியூல "அங்க என்ன பண்ணின"ன்னு கேட்டா ரெண்டாவது வாக்கியம் வராது. ஏஐசிடிஈ இன்டர்ன்ஷிப் போர்ட்டல் பாருங்க, சீனியருங்க வேலை பாக்கற சின்ன கம்பெனிங்கள கேளுங்க. மெயில் அனுப்பும்போது "ரெஸ்பெக்டட் சார், ஐ யாம் வெரி இன்ட்ரஸ்டட்"னு பக்கம் பக்கமா எழுதாதீங்க. என்ன செஞ்சிருக்கேன், அதோட லிங்க், எந்த தேதியில இருந்து எந்த தேதி வரைக்கும் வரமுடியும், மூணு வரி. இருவது மெயிலுக்கு ஒரு பதில் வந்தா சந்தோஷப்படுங்க.

உள்ள போனதும் முதல் வாரம் சும்மா தான் உக்கார வைப்பாங்க, யாருக்கும் உங்கள பாக்க நேரமிருக்காது. அப்ப போன நோண்டாம அவங்க சாஃப்ட்வேர உங்க லேப்டாப்ல இன்ஸ்டால் பண்ற வேலைய கேட்டு வாங்குங்க, எங்க எங்க இடிக்குதுன்னு எழுதி வைங்க, அந்த குறிப்ப அவங்களுக்கே குடுங்க. என் ஃப்ரெண்டு ஒருத்திக்கு அடுத்த வேலை கிடைச்சதே அந்த ஒன்றரை பக்க குறிப்பால தான். தினமும் டைரி எழுதுங்க, காலேஜ்ல கேக்கும்போது ஒரே ராத்திரியில முப்பது நாள கற்பனை பண்ணி எழுதறது கொடுமை, பேனா இங்க் ஒரே மாதிரி இருக்கறதுலயே தெரிஞ்சிடும். கம்பெனி கோடையோ ஸ்க்ரீன்ஷாட்டையோ ரிப்போர்ட்ல போடறதுக்கு முன்னாடி எழுத்துல அனுமதி வாங்கிடுங்க.

செலவு கவலையா இருந்தா, தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றம் மாணவர் ப்ராஜெக்ட்டுக்குன்னு நிதி குடுக்குது, காலேஜ் மூலமா விண்ணப்பிக்கணும், டிபார்ட்மென்ட்ல கேளுங்க. பெரிய தொகை இல்ல, சென்சார் வாங்க ஆகும்.

ரிப்போர்ட்ட கடைசி வாரத்துக்கு விடாதீங்க. இது நாங்க பண்ணினது தான்னு சான்று சொல்ற பொனஃபைடு பக்கத்துல எச்ஓடி கையெழுத்து வாங்கவே ரெண்டு நாள் போகும், பைண்டிங் கடையில அந்த வாரம் கல்யாண மண்டபம் மாதிரி கூட்டம். முன்னாடி வந்த ஆய்வுங்கள பத்தி எழுதற லிட்டரேச்சர் சர்வேல இருவது பேப்பர காப்பி பேஸ்ட் பண்றதுக்குப் பதிலா நெஜமா படிச்ச ஆறு போதும், ஏன்னா எக்ஸ்டர்னல் அதுல ஒண்ண தொட்டு "இதுல என்ன சொல்லியிருக்காங்க"ன்னு கேப்பாரு.

வைவா அன்னிக்கு எங்ககிட்ட கேட்டது மொத்தம் நாலே கேள்வி. ஏன் இந்த சென்சார், கரண்ட் போய் வந்தா என்ன ஆகும், மீடியன் எடுக்கற ஃபங்ஷன காட்டு, அந்த வரிய எடுத்துட்டா என்ன ஆகும். நாலாவதுக்கு நான் பதில் சொல்லல, வரிய கமென்ட் பண்ணிட்டு ஓட்டியே காட்டினேன், ரீடிங் குதிச்சுது, அவர் சிரிச்சுட்டு அடுத்த டீம கூப்பிடுன்னாரு. கரண்ட் கேள்விக்கு மட்டும் முழிச்சோம், அதுக்கு ஒண்ணும் பண்ணல, பண்ணலன்னு தான் சொன்னோம்.

முந்தின ராத்திரி ரெண்டு நிமிஷ டெமோ வீடியோ எடுத்து போன்லயும் லேப்டாப்லயும் வச்சுக்கோங்க. காலேஜ் வைஃபைய நம்பாதீங்க, போன் ஹாட்ஸ்பாட் பேர போர்டு கோட்ல முன்னாடியே எழுதி சோதிச்சிடுங்க, இஎஸ்பி32 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் தான் பிடிக்கும், ஹாட்ஸ்பாட் 5ல இருந்தா தேடிட்டே இருக்கும். யுஎஸ்பி கேபிள் ரெண்டு எடுத்துட்டுப் போங்க, சார்ஜ் மட்டும் ஏத்தற கேபிள் ஒண்ணு எல்லார் பையிலயும் இருக்கும், டேட்டா போறத பாத்து எடுங்க.