ரெட் சிண்ட்ரோம் இருக்குமோ என்று தோன்றினால் என்ன செய்யலாம்

குழந்தை தாமதமாகப் பேசுவது வேறு, பேசிக்கொண்டிருந்த குழந்தையின் பேச்சு நின்றுபோவது வேறு. மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் மரபணுக் கோளாறான ரெட் சிண்ட்ரோமைப் புரிந்துகொள்ள இந்த வித்தியாசத்தைத்தான் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும். சுமார் 10,000 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. ஆண் குழந்தைகளுக்கு மிக அரிது. முதல் சில மாதங்கள் பெரிதாக எதுவும் தெரியாது. பெரும்பாலும் 6 முதல் 18 மாதத்துக்குள் வளர்ச்சி மந்தமாகும், அப்புறம் வந்த சொற்களும் கையால் பொருளைப் பிடிக்கும் பழக்கமும் போய்விடும். "பொறுத்துப் பாருங்கள், தானாகச் சரியாகிவிடும்" என்று யார் சொன்னாலும் சரி, வந்த திறமை போயிருந்தால் காத்திருக்காதீர்கள், குழந்தைகள் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கைகளைக் கவனியுங்கள். இரண்டையும் நெஞ்சுக்கு நேரே சேர்த்துப் பிசைவது, துணி பிழிவதுபோல முறுக்குவது, தட்டுவது, வாயில் வைப்பது என்று விழித்திருக்கும் நேரமெல்லாம் ஓயாது. பல்லை நறநறவென்று கடிப்பது, மூச்சை அடக்கிக்கொள்வது, நடையில் தள்ளாட்டம் இவையும் சேர்ந்து வரலாம். வியன்னா மருத்துவர் ஆண்ட்ரியாஸ் ரெட், காத்திருந்த இரண்டு சிறுமிகளின் கைகள் ஒரே மாதிரி அசைவதைக் கண்டுதான் இதைத் தேடத் தொடங்கினார், 1966இல் எழுதினார். அதனால் மருத்துவரிடம் போகும்போது இந்தக் கையசைவையும் மூச்சு மாறுவதையும் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். கூடவே, அவள் பொம்மையைத் தானே எடுத்து விளையாடிய பழைய வீடியோ இருந்தால் அதையும் காட்டுங்கள், எது எப்போது போனது என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

பெரும்பாலானோருக்குக் காரணம் எக்ஸ் குரோமோசோமில் உள்ள எம்இசிபி2 என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றம், 1999இல் கண்டுபிடித்தார்கள். ரத்தப் பரிசோதனையில் தெரியும், ஆனால் அது இயல்பாக வந்துவிட்டதால் மட்டும் ரெட் இல்லை என்று ஆகிவிடாது, அறிகுறிகளை வைத்தும் முடிவு செய்வார்கள். இந்த மாற்றம் அநேகமாக எப்போதும் குழந்தையிடம் புதிதாக உண்டாவது, பெற்றோரிடமிருந்து வருவதல்ல. கர்ப்ப காலத்தில் தாய் சாப்பிட்டதோ செய்ததோ காரணம் இல்லை, அந்தப் பழியை யாரும் அவர் தலையில் போட விடாதீர்கள்.

அடுத்து மருத்துவரிடம் வலிப்பு, முதுகெலும்பு வளைவு, மலச்சிக்கல், சாப்பிடும்போது புரையேறுவது இவற்றைக் கேளுங்கள். ஈசிஜி கட்டாயம் எடுக்கச் சொல்லுங்கள். சிலருக்கு இதயத்தின் மின்துடிப்பில் க்யூடி இடைவெளி, அதாவது ஒரு துடிப்புக்குப் பின் இதயம் அடுத்ததற்குத் தயாராக எடுக்கும் நேரம், நீண்டிருக்கும், சில மருந்துகள் அதை இன்னும் நீட்டிவிடும். முழுதாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. 2 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அறிகுறிகளைத் தணிக்க டிரோஃபினெடைட் என்ற மருந்தை 2023இல் அமெரிக்கா அனுமதித்தது, வயிற்றுப்போக்கு அதில் அடிக்கடி வரும் தொல்லை.

இனி நான் அழுத்திச் சொல்ல நினைப்பது. பேசவில்லை என்பதால் புரியவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். பதில் சொல்ல அவளுக்கு ஆசை இருக்கும், உடம்பு சொன்ன பேச்சைக் கேட்காது, கண்தான் கேட்கும். இரண்டு படங்களை அவள் கண்மட்டத்தில், நன்றாக இடைவெளி விட்டுப் பிடியுங்கள். "எது வேண்டும்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பத்து விநாடி, இருபது விநாடி, சில நாள் ஒரு நிமிடம்கூட ஆகலாம். நடுவில் திரும்பக் கேட்டால், திரட்டிக்கொண்டிருந்த பதில் கலைந்துபோய் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். பார்வை ஒரு படத்தில் நின்றால் அதையே உடனே கொடுங்கள், சரியாகத்தான் பார்த்தாளா என்று சோதிக்க வேண்டாம். இது பழகியபின் கண்ணசைவைப் படிக்கும் கணினிக்குப் போகலாம். வீட்டிலும் பள்ளியிலும் எல்லோரும் ஒரே படங்களை, ஒரே முறையில் காட்டும்படி பார்த்துக்கொள்ளுங்கள், அவள் எதிரிலேயே அவளைப் பற்றி "இவளுக்கு ஒன்றும் தெரியாது" என்று பேசுபவர்களை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.