மன்னாருக்குக் கமராவோடு போகிறவர்களுக்கு

தை மாதத்தில் மன்னாருக்குப் பறவைகளைப் படமெடுக்கப் போகிறோம் என்று சொல்லும் நண்பர்கள், எந்த லென்ஸைக் கொண்டுபோவது, அதைக் கைப்பொதியில் வைக்கலாமா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அவற்றுக்கு விடை சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். போன தை மாதம் பதினொரு நாள் விடுப்பில் அங்கே போய், அதில் ஐந்து நாள்களை ஒரேயொரு முகத்தோடு கழித்துவிட்டு ரொறன்ரோவுக்குத் திரும்பியவன் நான். வேறு யாரும் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிற சிலவற்றை மட்டும் எழுதுகிறேன்.

மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் தாம்போதியின் இருமருங்கிலும் விரிந்துகிடக்கும் சேற்றுநிலமும் உவர்நீர்ப் பரப்பும் 2008இல் வங்காலைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2010இல் ஈரநிலங்களைப் பாதுகாக்கும் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. மத்திய ஆசியா வழியாகத் தெற்கு நோக்கி வரும் பறவைகள் இலங்கையில் முதலில் வந்திறங்கும் கரைகளில் இதுவும் ஒன்று. புரட்டாதியில் வரத் தொடங்கும் ஊசிவால் வாத்துகளும் கருவால் மூக்கன்களும் பங்குனி, சித்திரை வரை அங்கே தங்கும். பூநாரைக்காகப் போகிறவர்கள் மாரிமழை ஓய்ந்து தண்ணீர் வற்றத் தொடங்கிய பிறகே போகவேண்டும். தலையைக் கவிழ்த்து அலகால் நீரை வடித்து உண்ணும் பறவை அது. தண்ணீர் ஆழமாக நின்றால் ஆழமில்லாத வேறிடம் தேடிப் போய்விடும். கூழைக்கடாவுக்கும் சங்குவளை நாரைக்கும் கட்டுக்கரைக் குளத்தின் அணைக்கட்டே போதும்.

தாம்போதியில் வாகனத்தை விட்டு இறங்காதீர்கள். பக்கத்தில் லொறி உறுமிக்கொண்டு போனாலும் அசையாமல் மேய்கிற பறவை, கதவைத் திறந்து ஒரு கால் நிலத்தில் படுவதைக் கண்டதும் எழுந்துவிடும். கண்ணாடியை இறக்கி, அதன் விளிம்பில் ஒரு சிறிய அரிசிப் பையை வைத்து, அதன்மேல் லென்ஸைத் தாங்கவிட்டுக் காத்திருங்கள். காலை எட்டரை மணிக்குப் பிறகு தூரத்துப் பறவையை எடுப்பதில் பயனில்லை. வெயில் ஏற ஏற நீர்ப்பரப்பின் மேல் கானல் நெளியத் தொடங்கும். அந்த நெளிவு படத்தில் பதிந்தபின் எந்த மென்பொருளாலும் அதை நேராக்க முடியாது. வெள்ளைப் பறவையைப் படமெடுக்கும்போது, படத்தின் வெளிச்ச அளவைக் கமராத் திரையில் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமின் வலது ஓரத்தைப் பாருங்கள். கொக்கின் முதுகு ஒருமுறை வெளுத்துப்போய்விட்டால், அங்கே மீட்டெடுக்க எதுவும் எஞ்சியிருக்காது. நிழலில் இருண்டுபோனதையோ ஓரளவு மீட்கலாம்.

காற்றைப் பற்றி எனக்குச் சொல்லித்தந்தவர் என் மாமா. கமராவைக் கையில் பிடித்தறியாத கமக்காரர். 1980களில், நான் பள்ளிக்கூடச் சிறுவனாக இருந்தபோது, சைக்கிளின் முன்பாரில் என்னை இருத்திக் கட்டுக்கரைக்குக் கூட்டிக்கொண்டுபோவார். நீர்ப்பறவை எப்போதும் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும், காற்றை எதிர்த்துத்தான் எழும் என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தை மாதத்தில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும். அதனால் காலையில் சூரியனை முதுகில் வைத்து மேற்கே பார்த்து நின்றால், இறங்கும் பறவை நெஞ்சையும் முகத்தையும் காட்டிக்கொண்டு உங்களை நோக்கி வரும். அதே இடத்தில் மாலை வெயிலில் கிழக்கே பார்த்து நின்றால் வால்களைத்தான் படமெடுப்பீர்கள். சோளகம் வீசும் மாதங்களில் இந்தக் கணக்கு தலைகீழாகும். பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/2000 விநாடிக்குக் குறையாமல் இருக்கட்டும். அதற்காக ஐஎஸ்ஓ என்னும் ஒளியுணர்திறன் அளவு கூடுவதைப் பற்றி அஞ்சவேண்டாம். மணிமணியாக விழும் இரைச்சலைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம், அசைவில் கலங்கிய இறகைத் திருத்த முடியாது.

முகாம்களும் சோதனைச் சாவடிகளும் உள்ள பக்கம் நீண்ட லென்ஸைத் திருப்பாதீர்கள். ட்ரோனுக்கு அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும் பூநாரைக் கூட்டத்தின்மேல் அதைப் பறக்கவிடாதீர்கள். அத்தனை தூரம் பறந்து வந்து இரைதேடும் ஒரு கூட்டத்தைப் படத்துக்காகக் கிளப்பிவிடுவது பெரும் பிழை.

இனி அந்த ஐந்து நாள்கள். மாமா காலமாகி ஓராண்டு நிறைவதும் என் பயணமும் ஒரே கிழமையில் வந்தன. இறுதிக்கிரியைக்கு நான் போகவில்லை. விடுப்புக் கிடைக்கவில்லை என்று அப்போது சொன்னேன். அது உண்மை. ஓராண்டு கழித்துப் பூநாரைகளைப் பார்க்க எனக்கு விடுப்புக் கிடைத்ததும் உண்மை. இரண்டாம் நாள் இரவு விறாந்தையில் இருந்து, அன்று எடுத்த ஓர் ஆட்காட்டியின் படத்தை மடிக்கணினியில் சுத்தப்படுத்திக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்திருந்த மாமி வெகுநேரம் பேசாமல் பார்த்துவிட்டு, "இப்ப அதின்ரை கண் எவ்வளவு வடிவாத் தெரியுது" என்றார். எழுந்து உள்ளே போய், கைக்குட்டையில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்தார். மாமாவின் அடையாள அட்டை. "இவரையும் இப்பிடித் தெளிவாக்கித் தாவன் தம்பி. திவசத்துக்குப் பெரிசாக் கொழுவோணும்."

வீட்டில் மாமாவின் வேறு படம் இல்லை. 2008இல் அடம்பன் பக்கத்துச் சனம் இடம்பெயர்ந்தபோது அல்பங்களை விட்டுவிட்டுப் போனார்கள். திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையே இருக்கவில்லை. அதற்குப் பிந்திய காலத்திலும் மாமா படத்துக்கு நிற்கிறவர் அல்லர். கலியாண வீடுகளில் எடுத்த படங்களில் யாருடையவோ தோளுக்குப் பின்னால் பாதி நெற்றியாக இருக்கிறார். எஞ்சியிருந்தது, மஞ்சளேறிய பிளாஸ்டிக் உறைக்குள் தபால் முத்திரையளவில் ஒரு கறுப்பு வெள்ளை முகம்.

இப்படியொரு வேண்டுகோள் உங்களுக்கும் வரும். பெரிய கமராவோடு போகிறவனை ஊர் படம் தெரிந்தவனாகத்தான் பார்க்கும். அப்படிப் பார்ப்பதில் நியாயமும் இருக்கிறது. ஆகவே பளபளக்கும் உறைக்குள் இருக்கும் படத்தைப் பிரதியெடுக்கும் முறையைத் தெரிந்துகொண்டு போங்கள். மேசைமேல் தட்டையாக வைத்து, யன்னல் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்தும், வெள்ளைத் துணியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் மறுபக்கத்திலிருந்தும் சாய்வாக விழும்படி செய்து, கமராவை நேர் மேலே பிடியுங்கள். ஃப்ளாஷைத் தொடவேண்டாம். பறவை எடுக்கும் லென்ஸ் இதற்கு உதவாது. கிட்ட வைத்து எடுக்கக்கூடிய ஒரு லென்ஸ் பையில் இருக்கட்டும்.

அந்தப் பிரதியை, பறவைப் படங்களின் இரைச்சலைக் குறைத்துப் பெரிதாக்க நான் வைத்திருந்த மென்பொருளுக்குக் கொடுத்தேன். சில விநாடிகளில் கூர்மையான ஒரு முகம் வந்தது. மாமி திரைக்குக் கிட்டக் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஆர் தம்பி இது?" என்று கேட்டார்.

அவர் கேட்டபின்தான் நானும் பார்த்தேன். சூடடிக்கும்போது மாட்டின் கொம்பு கீறி, மாமாவின் இடது புருவத்தின் குறுக்கே விழுந்த தழும்பைக் காணவில்லை. ஒரு பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கும் இமை மற்றதற்குச் சமமாக உயர்ந்திருந்தது. அந்த மென்பொருள் எண்ணிறந்த படங்களைப் பார்த்துப் பழகியது. தெரியாத இடத்தில் தனக்குப் பழக்கமானதை வைத்து நிரப்பிவிடும். தழும்பு அதற்கு ஒரு அழுக்கு. பறவைக்கும் இதையேதான் செய்கிறது. தூரத்தில் நின்ற கருவால் மூக்கனைப் பெரிதாக்கினால், அதன் முதுகில் இல்லாத வரிகளை அழகாக வரைந்து தரும். அந்தப் படத்தை வைத்து யாராவது இனத்தைத் தீர்மானித்தால் அது பொய்யின்மேல் செய்த தீர்மானம். பல ஆண்டுகளாக அந்த வரிகளை இறகென்றே நம்பி மகிழ்ந்திருக்கிறேன். ஒரு பறவையின் முகம் மாறிப்போனதைக் கண்டு சொல்ல அதற்கு வீட்டில் ஒருவரும் இல்லை.

பிறகு மாமி இன்னொன்று சொன்னார். "நீங்கள் ரெண்டு பேரும் அண்டைக்குக் கட்டுக்கரைக்குப் போய்ப் படம் எடுத்தனீங்கள்தானே? அதிலை அவர் இருப்பாரே." தேடிப் பார்க்கிறேன் என்றேன். தேடத் தேவையில்லை என்பது எனக்குத் தெரியும். 2014இல் போயிருந்தபோது, அணைக்கட்டில் எனக்கு முன்னால் குந்தியிருந்த மாமா, இறங்கிவந்த கூழைக்கடாவைக் கையால் சுட்டிக்காட்டினார். பறவையும் அவரும் ஒரே சட்டகத்துக்குள் விழுந்தார்கள். கனடாவுக்கு வந்ததும் பறவை மட்டும் இருக்கும்படி வெட்டினேன். வெட்டிய ஜேபெக்கை வைத்துக்கொண்டு, வன்தட்டில் இடம் போதவில்லை என்று சில ஆண்டுகள் கழித்து அந்தப் பயணத்தின் ரோ கோப்புகள், அதாவது கமரா பதிந்தபடியே இருக்கும் மூலக் கோப்புகள், அத்தனையையும் அழித்துவிட்டேன்.

உங்களுக்கு நான் சொல்லும் முக்கியமான ஆலோசனை இதுதான்: ரோ கோப்பை ஒருபோதும் அழிக்காதீர்கள். அதைத் திறந்து திருத்தும் மென்பொருள், நீங்கள் எவ்வளவு வெட்டினாலும் வெட்டிய பகுதியை மறைத்துத்தான் வைக்கும். பத்து ஆண்டு கழித்தும் அதைத் திறந்து முழுச் சட்டகத்தையும் திரும்பப் பெறலாம். ஜேபெக்கில் வெட்டிச் சேமித்தால் போனது போனதுதான். பழைய பயணங்களின் கோப்புகளையும் ஒரு வன்தட்டில் ஊருக்குக் கொண்டுபோங்கள், அங்கே அவற்றைத் தேடும் ஆள்கள் இருப்பார்கள். உங்களைப் பறவையிடம் கூட்டிக்கொண்டுபோகிறவரையும் நின்று ஒரு படம் எடுங்கள்.

மாமியிடம் உண்மையைச் சொல்ல எனக்கு மூன்று நாள்கள் எடுத்தன. அந்த மூன்று நாள்களும் அடையாள அட்டை முகத்தைக் கையாலேயே திருத்தினேன். உறையின் கீறல்களை மட்டும் ஒவ்வொன்றாக அகற்றி, மஞ்சளை நீக்கி, கறுப்பைச் சற்று ஆழமாக்கி, முகத்தில் உள்ள மணிகளைத் தொடாமல் விட்டேன். நடுவில் கரண்ட் போகும், மடிக்கணினியின் பற்றரி தீரும். மாமி தேநீரோடு வந்து, "காது இன்னும் கொஞ்சம் வெளியாலை நிக்கும்" என்பார். வாகனக்காரத் தம்பி ஒவ்வொரு காலையும் தொலைபேசி எடுத்து, பூநாரைகள் தாம்போதிக்குக் கிட்ட நிற்கின்றன என்றார். நான்காம் நாள் அவை எழும்பிப் போய்விட்டன என்றார். அப்போது எனக்கு மாமிமேல் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை நினைக்க இப்போதும் நெஞ்சு கூசுகிறது.

நகரத்தில் ஒரு ஸ்டூடியோவில் அச்சிடக் கொடுத்தேன். வாங்கப் போனபோது, மாமாவின் முகத்தைக் கேளாமலே வெளுப்பாக்கி, தோலை மெழுகுபோல வழித்துத் தந்தார்கள். சனம் அப்படித்தான் விரும்புகிறது என்றார் அங்கிருந்தவர். வெயிலில் வயல் செய்த மனிதரின் முகம் அது. பணத்தைத் திரும்பவும் கட்டி, எந்தத் திருத்தமும் செய்யாமல் அச்சிடும்படி எழுதிக் கொடுத்து, பக்கத்தில் நின்று பார்த்து வாங்கினேன். நீங்களும் அப்படியே பக்கத்தில் நில்லுங்கள். 20க்கு 30 அங்குலம் கேட்ட மாமியை 8க்கு 10க்குச் சம்மதிக்கவைத்ததும் ஒரு வேலையாக இருந்தது. சிறிய மூலத்தை எவ்வளவு பெரிதாக்குகிறோமோ அவ்வளவுக்கு முகம் கலைந்துபோகும். படத்தைக் கண்டதும் மாமி தழும்பை விரலால் தொட்டுப் பார்த்து, "புள்ளி புள்ளியா இருந்தாலும் இவர்தான்" என்றார்.

திவசம் முடிந்த இரவு, 2014இன் அந்தக் கூழைக்கடாப் படத்தை என் தொலைபேசியில் காட்டி, நான் செய்ததைச் சொன்னேன். அவர் ஏசவில்லை. படத்தின் இடது கீழ் மூலையை விரல்களால் அகட்டிப் பெரிதாக்கினார். வெட்டும்போது தப்பிய ஒரு சுட்டுவிரலும் அதன் பின்னே கலங்கிய பாதிக் கையும் அங்கே இருந்தன. அவர் கண்டுபிடிக்கும்வரை அவை அங்கே இருப்பது எனக்கும் தெரியாது.

மறுநாள், கடைசி நாள், அதே ஸ்டூடியோவுக்கு அந்தப் படத்தைக் கொண்டுபோனேன். மூலையில் இருப்பதை அழித்துத் தரவா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லி, 8க்கு 10 அங்குலத்தில், மற்றதைப் போலவே சட்டமிட்டுத் தரச் சொன்னேன்.