பிளஸ் டூ இயற்பியலுக்கு ஏஐயிடம் எப்படிக் கேட்பது?

"மின்மாற்றி பற்றிச் சொல்" என்று சாட்ஜிபிடியிடமோ ஜெமினியிடமோ கேட்டால் ஒரு பக்கத்துக்குப் பதில் வரும். படிக்க நன்றாகவே இருக்கும், ஆனால் விடைத்தாளில் எழுத உதவாது. நீங்கள் என்ன படிக்கிறீர்கள், கேள்விக்கு எத்தனை மதிப்பெண் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. நீங்கள் சொல்லாததை அதுவே ஊகித்துக்கொள்ளும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"நான் தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ, தமிழ்வழி. மின்மாற்றியின் தத்துவம், அமைப்பு, செயல்பாட்டை 5 மதிப்பெண் விடையாக எழுது. கீழே உள்ள பாடப்பகுதியை மட்டும் பயன்படுத்து. அதன் கலைச்சொற்களை மாற்றாதே. சமன்பாடுகளைத் தனி வரியில் எழுது. பாடப்பகுதியில் இல்லாத எதையாவது சேர்த்தால் 'பாடத்தில் இல்லை' என்று குறிப்பிடு."

பாடப்பகுதியை ஒட்டுவதுதான் இதில் முக்கியம். ஏஐ உங்கள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் சொல்வதில்லை. அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்துக்கொண்டே எழுதுகிறது. அதனால் புத்தகத்தில் 'காந்தப்பாயம்' என்று இருப்பதை வேறு சொல்லில் எழுதிவிடும். பக்க எண் கேட்டால் இல்லாத எண்ணைக்கூடத் தயங்காமல் சொல்லும்.

தட்டச்சு செய்யச் சிரமமாக இருந்தால் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பலாம். ஆனால் ன, ண குழம்பும், சமன்பாட்டின் கீழ்க்குறிகள் இடம் மாறும். முதலில் "படத்தில் உள்ளதை அப்படியே எழுதிக் காட்டு" என்று கேட்டுப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள், கேள்வியை அதன் பிறகு கேளுங்கள். இரண்டு, மூன்று பக்கம் போதும். முழுப் பாடத்தையும் கொட்டினால் உங்கள் நிபந்தனைகள் அதில் அமுங்கிப்போகும்.

கணக்குக்கு "தரவுகள், சூத்திரம், பிரதியிடல், அலகோடு விடை, இந்த வரிசையில் எழுது" என்று சேர்த்துவிடுங்கள். எந்தப் படியில் தவறியது என்று அப்போதுதான் தெரியும். 220 வோல்ட்டை 11 வோல்ட்டாகக் குறைக்கும் மின்மாற்றி, முதன்மைச் சுருளில் 500 சுற்றுகள் என்று வைத்துக்கொள்வோம். துணைச்சுருளில் 25 சுற்றுகள் வர வேண்டும். 10,000 என்று வந்தால் விகிதம் தலைகீழாகிவிட்டது. இறக்கு மின்மாற்றியில் துணைச்சுருளுக்குச் சுற்றுகள் குறைவு என்று தெரிந்தவருக்கு இது உடனே கண்ணில் படும். அந்த அளவுக்காவது பாடத்தைப் படித்துவிட்டுத்தான் ஏஐயிடம் போக வேண்டும்.

"என் விடை சரிதானே?" என்று கேட்காதீர்கள். பெரும்பாலும் ஆமாம் போட்டுவிடும். "இதில் மதிப்பெண் குறையக்கூடிய இடங்களைக் காட்டு, ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்" என்று கேளுங்கள். அது போடும் மதிப்பெண்ணை நம்ப வேண்டாம். விட்டுப்போன கருத்துகளைக் காட்டினால் அதுவே பயன்.

மனப்பாடத்தைவிட அதிகம் உதவுவது ஏஐயையே கேள்வி கேட்க வைப்பது: "லென்ஸ் விதியில் என்னிடம் 5 கேள்விகள் கேள். ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். நான் பதில் சொன்ன பிறகே அடுத்தது. தவறினால் ஒரு குறிப்பு மட்டும் கொடு, விடையைச் சொல்லாதே." 'ஒரு நேரத்தில் ஒன்று' என்பதை விட்டுவிட்டால் ஐந்தையும் ஒரே மூச்சில் கேட்டு, சில நேரம் விடையையும் எழுதிவிடும்.

இரண்டு முறை திருத்தியும் அதே தவறு வந்தால் அந்த உரையாடலை விட்டுவிடுங்கள். பழைய தவறான விடை அங்கேயே கிடந்து அடுத்த பதிலையும் தன் பக்கம் இழுக்கும். புதிய உரையாடலைத் திறந்து, இதுவரை சொன்ன திருத்தங்களை முதல் ப்ராம்ப்டிலேயே, அதாவது நீங்கள் அனுப்பும் முதல் செய்தியிலேயே, எழுதிக் கேளுங்கள்.