நாஞ்சிங்கில் ஒரே நாள்தான் இருக்கிறதா?

சீனாவின் நாஞ்சிங் நகர நினைவிடங்களுக்கு ஒரு நாள்தான் ஒதுக்க முடியும் என்றால், திங்கட்கிழமையைத் தவிர்த்துவிட்டு மெட்ரோ 2ஆம் தடத்திலேயே சுற்றி முடியுங்கள். ஜப்பானியப் படை 1937இல் இங்கே நடத்திய படுகொலையின் நினைவு மண்டபம் யுன்ஜின் லு நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. சீனக் குடியரசை நிறுவிய தலைவர் சன் யாட்-சென்னின் கல்லறைக்கு அதே தடத்தில் கிழக்கே சியாமாஃபாங்கில் இறங்கிக் கொஞ்சம் நடக்க வேண்டும், டாக்சி தேவையில்லை. இரண்டுக்கும் கட்டணம் கிடையாது, ஆனால் முன்பதிவும் பாஸ்போர்ட்டும் வேண்டும்.

கல்லறையின் 392 படிகளைக் காலையிலேயே ஏறிவிடுங்கள். நினைவு மண்டபம் அப்புறம்தான் சரி. அதைப் பார்த்த மனதோடு வேறெங்கும் போகத் தோன்றாது.

திங்களன்று இரண்டும் வழக்கமாக மூடியிருக்கும். அரசு விடுமுறை என்றால் மட்டும் விதிவிலக்கு. திங்கட்கிழமைதான் வாய்த்தது என்றால் மிங் வம்சத்தின் முதல் பேரரசருடைய மிங் சியாவ்லிங் கல்லறைக்குப் போகலாம், அதற்கு டிக்கெட் உண்டு.