தோட்டத்து இடுகாட்டைக் காப்பாற்ற முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள்

என் அப்பாயியைப் புதைத்தது மலேசியாவில், பினாங்கு மாநிலத்துச் செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்து இடுகாட்டில். தோட்டம் கைமாறிய சேதி எங்களுக்கு ரொம்பத் தாமதமாகத்தான் வந்தது. போய்ப் பார்த்தால் சமாதியைச் சுற்றியிருந்த இரும்புக் கிராதியைக் காணோம். பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். அன்று அழுதேன். மறுநாள் நோட்டுப் புத்தகத்தோடு போனேன்.

பெயர்களை எழுதுவதுதான் முதல் வேலை. தோட்ட இடுகாடுகளில் கல் நட்ட சமாதி குறைவு, வெறும் மண்மேடுதான் அதிகம். அதில் யார் என்று தெரிந்த தாத்தா பாட்டிகளை நேரில் அழைத்துப் போங்கள், கால் வலி என்றால் வண்டியிலாவது. அவர்கள் சொல்லச் சொல்ல எழுதி, ஒவ்வொரு மேட்டையும் கைப்பேசியில் இடக்குறியோடு படமெடுங்கள்.

கல் இருந்தால் கம்பி பிரஷ், ஆசிட் எதுவும் வேண்டாம், எழுத்தே உதிர்ந்துவிடும். வெறும் தண்ணீரும் மெத்தென்ற பிரஷும் போதும். படிக்க முடியாவிட்டால் பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள், எழுத்துப் பள்ளங்களில் நிழல் விழும். ஒரு கல்லில் ‘பிங்கள வருடம் தை’ என்று இருந்தது. அது 1918 அல்லது 1978. கல்லின் தேய்மானமும் உறவினர் பேச்சும் முந்தியதையே காட்டின.

அப்புறம் நில அலுவலகம். லாட் எண் (நிலத்தின் மனை எண்) கொடுத்துக் கட்டணம் கட்டினால் கிராண்ட், அதாவது நிலப் பட்டா, யார் பெயரில் என்று தெரியும். அரசு நிலமானால், தேசிய நிலச் சட்டம் 62-ஆவது பிரிவின்படி இடுகாட்டு ஒதுக்கீடாக அரசிதழில் அறிவிக்கச் சொல்லி மாநில அரசுக்கு எழுதுங்கள். தனியார் நிலமென்றால் வாங்கியவரிடம் பட்டியலையும் படங்களையும் கொடுத்து, கட்டுமான வரைபடத்தில் அந்தப் பகுதியை விட்டுவைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். கெடா மாநிலத்தில், பூஜாங் பள்ளத்தாக்கின் 11-ஆம் எண் சண்டியை (பழங்காலக் கோயில்) 2013-இல் இடித்தார்கள். அது அரசிதழில் ஏறாத தனியார் நிலத்தில் இருந்தது.

திருட்டு நடந்தால் உடனே போலீஸ் புகார். புகார் நகலை நோட்டுப் புத்தகத்திலேயே ஒட்டிவையுங்கள். பித்தளை விளக்கு, வேல் போன்றவை இருக்கும் சமாதியின் இடத்தை முகநூலில் போடாதீர்கள், திருடனுக்கு வழிகாட்டியதாகிவிடும்.

மாதம் ஒருமுறை புல் வெட்டப் போகிறோம். ஆள் நடமாட்டமுள்ள இடுகாட்டில் கை வைக்கத் தயங்குவார்கள். நோட்டின் இரண்டு நகல்கள் எடுத்தேன். ஒன்று கோயில் கமிட்டியில், ஒன்று என் தம்பி மகளிடம்.